சபாவில் ஒரு கொலை: கர்நாடக இசையுலகை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் நாவல் அச்சாகி வந்த மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். மயிலாப்பூரில் ஐம்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டுவருகிறவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் எழுந்து உள்ளே போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது தாளம் யார் போட்டது?"

என்னிடம் பதில் இல்லை. என் கதையின் கொலையே, பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடக்கிறது. மறுவாரம் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் இன்னொரு பிழையைக் காட்டினார். 2024 டிசம்பரில் நடப்பதாகச் சொன்ன கொலைக்கு, பழைய சட்டத்தின் 302ஆம் பிரிவில் வழக்குப் பதிவானதாக எழுதியிருந்தேன். அச்சடித்த 300 பிரதிகளின் விற்பனையை நிறுத்திவிட்டு, ஓராண்டு உட்கார்ந்து நாவலை மறுபடி எழுதினேன்.

இந்தக் களத்துக்கு இரண்டு வகையான கண்டிப்பான வாசகர்கள் உண்டு. ஒருவர் ராகமும் தாளமும் தெரிந்தவர், மற்றவர் சட்டமும் காவல் நிலையமும் தெரிந்தவர். இருவரிடமும் தேற வேண்டும். நான் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கொலை நடக்கும் தேதியை முதலில் குறியுங்கள்

பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. அதற்கு முன் நடந்த கொலை என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. 2023 மார்கழிக்கும் 2024 மார்கழிக்கும் இடையில் உங்கள் ஆய்வாளர் எழுதும் எண்ணே வேறு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தத் தண்டனைச் சட்டம் என்பதைக் குற்றம் நடந்த தேதிதான் தீர்மானிக்கிறது. 2019இல் நடந்த கொலை 2025இல் வெளிச்சத்துக்கு வந்தாலும் அது 302தான். பழைய கொலையைத் தோண்டும் கதை எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

தேதி இசைக்கும் முக்கியம். மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 அன்று விருதளிப்பு நிகழ்ச்சியான சதஸுடன் நிறைவடையும். சங்கீத கலாநிதி விருது அன்றுதான் வழங்கப்படும். விருதைச் சுற்றிக் கதை பின்னுவதென்றால் பெயர் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். கடைசி நிமிடத்தில் பெயர் வெளியாகி பொறாமை மூண்டது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பொறாமை பல மாதம் புழுங்குவதற்கு இடம் இருக்கிறது. கதைக்கு அதுவே நல்லது.

2. ஒரு மார்கழி முழுதும் அரங்கில் உட்காருங்கள்

ஒலிப்பதிவு கேட்டு எழுத முடியாது. ஒலிப்பதிவில் பாட்டு இருக்கும். யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்பது இருக்காது. செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். மாலைக் கச்சேரிக்குப் பின்வரிசை டிக்கெட் போதும், உங்களுக்கு அதுதான் சரியான இடமும்கூட. அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், பக்கவாட்டுக் கதவுகளும் தெரியும், வெளியேறுகிறவர்களும் தெரிவார்கள். அகாடமியில் காலை 8 மணிக்கு நடக்கும் விளக்கவுரைகளுக்கும் போங்கள். இசைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் கருத்து வேறுபடும்போது எவ்வளவு மரியாதையான சொற்களில் எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறார்கள் என்பதை அங்கே கேட்கலாம். உங்கள் உரையாடல்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

கையில் சிறு நோட்டும் கைக்கடிகாரமும் வேண்டும். கைப்பேசியைத் திறந்து குறிப்பு எடுக்காதீர்கள். இருட்டில் அந்த வெளிச்சம் அருகில் இருப்பவர்களை உறுத்தும், மேடையில் இருப்பவரையும் உறுத்தும்.

3. கச்சேரியின் கடிகாரத்தைப் பழகுங்கள்

நான் தோற்ற இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இரண்டரை மணி நேர மாலைக் கச்சேரி ஒன்றில் கடந்த மார்கழியில் நான் குறித்துக்கொண்ட நேரங்கள் இவை. 6.45க்குத் தொடக்க உருப்படியான வர்ணம். 7.50க்கு முதன்மை உருப்படிக்கான ராக ஆலாபனை தொடங்கியது. வயலின் கலைஞர் தம் முறையை முடித்து, 8.10க்குக் கிருதி. ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலும், அந்தந்த நேரக் கற்பனையில் ஸ்வரங்கள் பாடும் கல்பனை ஸ்வரமும் முடிந்து 8.35க்குத் தனி ஆவர்த்தனம். 8.51க்குப் பாடகர் பல்லவி வரியை மறுபடி எடுத்தார். பிறகு சிறு பாடல்களான துக்கடாக்கள். 9.15க்கு மங்களம்.

அந்த 8.35 முதல் 8.51 வரை அரங்கில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பாடகர் அசைவதில்லை. கையால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். வயலின் கலைஞர் வில்லை மடியில் வைத்துவிட்டு அவரும் தாளம் போடுகிறார். பின்னால் தம்புரா நிற்காமல் ஒலிக்கிறது. மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது, கச்சேரியிலேயே மிக வலுவான சாட்சியத்தோடு மேடைக்காரர்கள் அனைவரும் நிரபராதிகளாக இருக்கும் நேரம் அதுதான். அதே நேரத்தில் அரங்கின் பின்பாதி காலியாகிறது. காபிக்குப் போகிறவர்கள், பஸ் பிடிக்கப் போகிறவர்கள், கால் நீட்டப் போகிறவர்கள். யார் எங்கே இருந்தார் என்று அவர்களில் எவரையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குரியவர்களை அங்கே தேடுங்கள்.

இன்னும் உள்ளே போனால் பொன் கிடைக்கும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து வரும்போது ஒரு கட்டத்தில் குறைப்பு தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் சுருங்கிக்கொண்டே வரும். பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிவுச் சொற்கட்டுகள். கேட்டுப் பழகியவருக்குக் குறைப்பு தொடங்கியதுமே இன்னும் சில நிமிடம்தான் என்று தெரிந்துவிடும். கேட்டுப் பழகாதவருக்கு அது வெறும் தாள ஒலி. இப்போது யோசியுங்கள்: வெளியே நின்ற ஒருவர் குறைப்பு தொடங்கியதும் அவசரமாக உள்ளே வந்து, கோர்வைக்கு முன் தம் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். ஆனால் விசாரணையில், "எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது, மனைவிக்காக வந்தேன்" என்கிறார். என் இரண்டாம் பதிப்பில் கொலையாளி பிடிபடுவது இந்த ஒரு பொய்யில்தான்.

ஒப்பனை அறையில் கொலை வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சீசனில் ஒரே மேடையில் நாளெல்லாம் அடுத்தடுத்துக் கச்சேரி நடக்கும். ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தன நேரத்தில், அடுத்த கச்சேரிக்காரர்கள் உள்ளே வந்து சுருதி சேர்க்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த அறை காலியாக இருக்காது. அறை காலியாக வேண்டும் என்றால் அன்றைய கடைசிக் கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள்.

4. தடயம் வாத்தியத்திலிருந்து வரட்டும்

கொலை வேறெங்கு நடந்திருந்தாலும் கதை மாறாது என்றால், இசையுலகம் வெறும் திரைச்சீலையாகிவிடும். தடயம் இங்கு மட்டுமே கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான் தேடிச் சேர்த்தவற்றில் சிலவற்றைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில், கச்சேரிக்குச் சற்றுமுன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகப் பரப்பி, தட்டிப் பார்த்து, ஒலி கனம் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் துணியால் துடைத்து, பிறகுதான் வாத்தியத்தை உறைக்குள் போடுவார்கள். ஒரு மிருதங்கக் கலைஞரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை நான் பார்த்தேன். விரல் நுனியில் ஒட்டிய ரவையை அவர் ஒரு செய்தித்தாளில் தடவிவிட்டு, "பசங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ரவையோடு மூடிவைத்தால் தோல் போய்விடும்" என்றார். மூடிய உறைக்குள் ரவை காய்ந்த மிருதங்கம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். அதை மூடியவர் அதன் சொந்தக்காரர் அல்ல.

சுருதிப் பெட்டி இன்னொன்று. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், பெண் பாடகர்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டி. இறந்தவர் ஒரு கட்டைப் பாடகர். அவர் அறையில் இருந்த சுருதிப் பெட்டியின் திருகு ஐந்தரையில் நிற்கிறது. அவருக்குப் பின் அந்த அறையில் வேறொருவர் பாடிப் பார்த்திருக்கிறார். இது மிருதங்கத்துக்கும் பொருந்தும். தாழ்ந்த சுருதிக்குப் பெரிய தக்கு மிருதங்கம், உயர்ந்த சுருதிக்குச் சிறிய ஹெச்சு மிருதங்கம். எதைக் கொண்டுவந்தார் என்பதே, யாருக்கு வாசிக்க வந்தார் என்பதைச் சொல்லிவிடும்.

வீணையில் விரல் வைத்து வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெயிலில் நின்ற காருக்குள் வீணையை வைத்தால் மெழுகு இளகும். மிருதங்கக்காரரின் பையில் சுருதி சேர்க்கும் கல் இருக்கும். பாடகருக்கு வெந்நீர் பிளாஸ்க் இருக்கும், அதை நிரப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு சீடர். தம்புரா போடுகிறவர் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து எல்லோரையும் பார்க்கிறார், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த மனிதரைத் தயவுசெய்து மதிப்போடு எழுதுங்கள்.

சிறிய தோல் தாள வாத்தியமான கஞ்சிராவைக் கதைக்குள் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதற்கு வழிவழியாகப் பயன்பட்டது உடும்புத் தோல். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. உங்கள் ஆய்வாளர் உடும்புத் தோல் கஞ்சிராவைக் கைப்பற்றினால் கொலை வழக்கோடு வனத் துறை வழக்கும் வந்துவிடும். அது வேண்டாம் என்றால் ஆட்டுத் தோல் அல்லது செயற்கைத் தோல் என்று எழுதுங்கள்.

5. சபாவுக்குள் நுழைய அனுமதி

மேடைக்குப் பின்புறம், கதவுகள், மின்பலகை, வண்டி நிறுத்தும் இடம் இவற்றைப் பார்க்காமல் எழுதாதீர்கள். நான் டிசம்பரில் ஒரு சபாவுக்குக் கடிதம் கொடுத்தேன், பதிலே வரவில்லை. தவறு என்னுடையது. அந்த மாதத்தில் ஒரு சபா செயலருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆடி மாதத்தில் மறுபடி கேட்டபோது பத்தே நாளில் அழைத்து, தாமே உடன் வந்து காட்டினார்.

கடிதத்தோடு மூன்று தாள்களை இணையுங்கள்: அடையாள அட்டை நகல், கதையின் ஒரு பக்கச் சுருக்கம், சபாவின் பெயரையோ அடையாளத்தையோ பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி. மூன்றாவது தாள்தான் கதவைத் திறக்கும். புகைப்படம் எடுக்கத் தனியாக அனுமதி கேளுங்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

6. காவல் துறையின் காகிதங்கள்

ஒரு மரணத்தின் பின்னால் எவ்வளவு தாள் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதை தானாக எழுதிக்கொள்ளும். வரிசை இதுதான்.

ஒப்பனை அறையில் உடல் கிடக்கிறது. காயம் தெளிவாக இல்லை. அப்போது நேரடியாகக் கொலை வழக்குப் பதிவாகாது. சந்தேக மரணம் என்று, குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவாகும். பழைய நடைமுறைச் சட்டத்தில் இது 174. பிரேதப் பரிசோதனை அறிக்கை கொலை என்று காட்டிய பிறகு, பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். இந்த இடைப்பட்ட நாட்கள் எழுத்தாளருக்கு அருமையானவை. எல்லோரும் மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் காலம் அது.

சம்பவ இடத்தில், சாட்சிகள் முன் எழுதும் பதிவான பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பொருள்களை எடுத்தால் கைப்பற்று மகஜர், உடலைப் பார்த்து எழுதும் பிரேத விசாரணை அறிக்கை. மகஜரில் சாட்சிக் கையெழுத்து இருக்கும். சபாவின் காவலாளியும் கேன்டீன் ஊழியரும் அந்தச் சாட்சிகளாக இருக்கலாம். கொலை வழக்கை விசாரிப்பவர் ஆய்வாளர், உதவி ஆய்வாளர் அல்ல.

கச்சேரி இரவு 9 மணிக்கு முடிந்து உடல் கண்டெடுக்கப்பட்டால் அன்றிரவே பிரேதப் பரிசோதனை என்று எழுதாதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோதே, கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு விலக்கு வைத்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் வேறு. ஆகவே மறுநாள் காலை, இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடத்தில். விஷம் என்ற சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மறுநாளே "இன்ன விஷம்" என்று மருத்துவர் சொல்லும் காட்சியை நானும் எழுதிப் பிறகு வெட்டினேன்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். மார்கழியில் தொடங்கிய வழக்கு பங்குனியில் பதற்றம் அடையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய பொறி கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. எல்லோரையும் மேடையில் கூட்டி, ஆய்வாளர் முன்னிலையில் குற்றவாளி அழுது ஒப்புக்கொள்ளும் காட்சி. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதன் அடிப்படையில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பு உண்டு. அதனால் ஒப்புதலோடு நிறுத்தாமல், அவர் சொன்ன இடத்தில் ஒரு பொருள் கிடைக்கும்படி கதையை அமையுங்கள்.

இதையெல்லாம் கற்க நான் செலவிட்டது மிகக் குறைவு. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். பத்து அறிக்கைகள் படித்தால் அந்த நடை கைவந்துவிடும். நடைமுறை பற்றிய சந்தேகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள அமர்வு நீதிமன்றங்களில் கொலை வழக்கு விசாரணையைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். அடையாள அட்டை கொண்டுபோங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள். நான் நான்கு நாள் போனேன். மகஜர் சாட்சி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ததைக் கேட்ட அன்றுதான், வீட்டுக்கு வந்து என் ஆறாம் அத்தியாயத்தை முழுதுமாக மாற்றினேன்.

7. பாட்டு வரிகளும் நிஜ மனிதர்களும்

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளின் வரிகளை எவ்வளவு வேண்டுமானாலும் மேற்கோள் காட்டலாம். பாட்டையும் இசையையும் சேர்த்து இயற்றிய பிற்கால வாக்கேயகாரர்களிடம் எச்சரிக்கை தேவை. பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளோடு அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அந்தக் கணக்குப்படி 2033 முடியும்வரை. பாரதியாரின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஐயம் இருந்தால் வரியை எழுதாமல் ராகத்தையும் தாளத்தையும் மட்டும் சொல்லிவிடுங்கள், தெரிந்த வாசகருக்கு அதுவே பாட்டைக் கேட்க வைக்கும்.

வாழும் கலைஞர் எவரையும் அடையாளம் தெரியும்படி கொலையாளியாகவோ கெட்டவராகவோ காட்டாதீர்கள். "இது கற்பனை" என்று முன்பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்றம், மறைந்தவர்களின் பெயரைக் கெடுத்துக் குடும்பத்தாரைப் புண்படுத்துவதும் அதில் அடங்கும். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இது சிறிய உலகம். ஒரு சீடர், ஒரு குரு, ஒரு குறிப்பிட்ட தெரு என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

8. மூன்று பேரிடம் கொடுங்கள்

அச்சுக்கு முன் ஒரு ரசிகர், ஒரு பக்கவாத்தியக் கலைஞர், குற்றவியல் வழக்கறிஞர் அல்லது ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் என மூவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு மாதம். கலைஞர்களிடம் நவம்பருக்குப் பின் கேட்காதீர்கள், அவர்கள் இசைப் பயிற்சியான சாதகத்தில் இருப்பார்கள். நான் முதல் முறை செய்யத் தவறியது இந்த ஒரு படியைத்தான்.

9. அச்சும் பதிவும்

சொந்தமாக வெளியிடுவதாக இருந்தால் என் செலவுக் கணக்கு உதவலாம். 240 பக்கம், 300 பிரதி. மெய்ப்புப் பார்க்கப் பக்கத்துக்கு 15 ரூபாய் வீதம் 3,600. அட்டை வடிவமைப்பு 5,000. அச்சும் கட்டும் சேர்ந்து 36,000. ஜனவரியையொட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் அச்சகங்கள் திணறும். அக்டோபர் இறுதிக்குள் கோப்பைக் கொடுத்துவிடுங்கள். நான் டிசம்பர் முதல் வாரத்தில் கொடுத்தேன், அவசரத்தில் பக்கங்களின் ஒரு மடிப்புக் கட்டு தலைகீழாகக் கட்டப்பட்டு வந்தது.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. அடையாளச் சான்று, நூலின் முகப்புப் பக்கம், அட்டைப் படம் தேவைப்படும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்த எண்ணைக் காசுக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பதிப்புரிமை எழுதிய அன்றே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. சான்று வேண்டும் என்றால் படிவம் 14, கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, பிறகுதான் ஆய்வு தொடங்கும்.

நூல் வெளியான 30 நாளுக்குள், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிட்டவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும் சென்னை, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும். சென்னைக்கு உரியது கன்னிமாரா. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி பாந்தியன் சாலை வழியாக நடந்தே போய், திருத்திய பதிப்பை நான் நேரில் கொடுத்தேன். மற்ற மூன்றும் அஞ்சலில் போயின. நேரில் கொடுத்தாலும் அஞ்சலில் அனுப்பினாலும் ஒப்புகைச் சீட்டை வாங்கி ஐ.எஸ்.பி.என். கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.